திருமூர்த்தி எறிந்த பந்து

என் தம்பி திருமூர்த்தி சர்வீஸ் போடுவதற்காக மேலே எறிந்த பந்து இன்னும் கீழே வரவில்லை. அவன் எங்கள் வீட்டு டீவிக்குள் இடது கையைத் தூக்கியபடி நிற்கிறான். வலது கையில் மட்டை முதுகுக்குப் பின்னால் தொங்குகிறது. இந்த ஒரு பாயின்ட் எடுத்தால் மாட்ச் முடிந்துவிடும். மாட்ச் முடிந்தால்தான் வீட்டுக்கு விடுவார்கள்.

ஒற்றைச் சேனல் காலத்தில் இந்தத் தொல்லை கிடையாது. டென்னிஸ் வருஷத்துக்கு ஒரு முறை வரும், அதுவும் ஃபைனல் மட்டும். செய்தி வாசிக்கிற நேரம் ஆகிவிட்டால் அதையும் பாதியில் நிறுத்திவிடுவார்கள். யார் ஜெயித்தது என்று மறுநாள் பேப்பரில் பார்த்துக்கொள்வோம்.

பிறகு ஈரோட்டுக்குக் கேபிள் வந்தது. டென்னிஸுக்கென்றே ஒரு சேனல் வைத்தார்கள். முதல் சுற்று, இரண்டாம் சுற்று, மழை பெய்வது, தார்ப்பாய் போடுவது, தார்ப்பாயை எடுப்பது என்று எல்லாவற்றையும் காட்டினார்கள். அவ்வளவு நேரத்துக்கும் ஆட ஆள் போதவில்லை. அதனால் வீதிக்கு ஒருவரைக் கேட்டார்கள். எங்கள் வீதியில் திருமூர்த்திதான் உயரம். சாப்பிட்டுவிட்டு, ஒயரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனான்.

நன்றாகத்தான் ஆடினான். பந்தை எறிந்தான். படம் போய்விட்டது. படம் திரும்பி வந்தபோது அவன் இருந்தான், பந்து இல்லை.

அதிலிருந்து எங்கள் வீதியில் எல்லோரும் அண்ணாந்தபடிதான் நடக்கிறார்கள். பந்து வந்துவிட்டால் பார்க்காமல் போய்விடுவோம் என்று பயம். சலூன்காரருக்கு இதில் சவரம் சுலபம். கல்யாண போட்டோக்களில் மாப்பிள்ளையும் பெண்ணும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

மாட்சை ஒரு சேனல் இன்னொரு சேனலுக்கு விற்றது. அது மற்றொன்றுக்கு விற்றது. ஒவ்வொரு முறையும் திருமூர்த்தி ரிமோட்டில் இன்னும் தள்ளிப் போனான், கொஞ்சம் இளைத்தும் போனான். நான் தேடிப் பிடித்துவிடுவேன். தினமும் குளித்தவுடன் திரையில் அவன் தோள் இருக்கும் இடத்தில் நீலகிரித் தைலம் தேய்க்கிறேன். அவனுக்குக் கொஞ்சம் இதமாக இருப்பது முகத்தில் தெரியும். எனக்கு அழுகை வரும். அழுதால் படம் தெரியாது என்பதால் அழுவதில்லை.

வர்ணனையாளர் மார்கபந்து சாரும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். மாட்ச் முடியாமல் அவராலும் போக முடியாது. டீவிக்குப் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். சர்வீஸ் போடும்போது வர்ணனையாளர் உரக்கப் பேசக்கூடாதாம். அதனால் ரசம் வேண்டும் என்பதையும் கிசுகிசுப்பாகத்தான் கேட்பார்.

வெள்ளிக்கிழமை காலையில் கேபிள்காரர் நல்லசிவம் வந்தார். கையில் கட்டிங் பிளேயர் இருந்தது.

"அக்கா, சாயங்காலம் வீதி பூரா ஒயரை நறுக்கிருவோமுங்க. இனிமே செட்டாப் பொட்டிதானுங்க."

"திருமூர்த்தி?"

"முடிஞ்ச மாட்ச் பொட்டிக்குள்ள போகுமுங்க. முடியாதது போகாதுங்க."

"அப்ப அவன் எங்க போவான்?"

"புள்ளி புள்ளியா போயிருவாருங்க." அவர் அண்ணாந்தபடியே சொன்னார். "ரொம்ப வலிக்காதுங்கறாங்க."

"ஏனப்பா நல்லசிவம், பந்து வந்துட்டா?"

"வந்துட்டா ஒண்ணுமில்லீங்க."

நான் அடுப்பை அணைத்தேன். முந்தானையைச் செருகிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினேன். பந்து ஒயரில்தான் வந்திருக்க வேண்டும். ஒயரை விட்டு வேறெங்கும் போக அதற்கு வழி கிடையாது. இதை நான் முன்பே யோசித்திருக்கலாம். எல்லோரும் மேலே பார்த்ததால் நானும் மேலே பார்த்துவிட்டேன்.

ஒயரைக் கையால் பற்றிக்கொண்டு நடந்தேன். அது எங்கள் மாடியிலிருந்து முருங்கை மரத்துக்குப் போனது. அங்கிருந்து டெய்லர் வீட்டு ஜன்னலுக்குள் நுழைந்து, அவர் தைத்துக்கொண்டிருந்த சட்டையின் கை வழியாக வெளியே வந்தது. நான் நடக்க நடக்க வீதி நீண்டது. நானும் விடவில்லை. வீதிக்குத்தான் முதலில் மூச்சு வாங்கியது.

ஒரு மாடியில் ஒயர் கறுப்புத் தண்ணீர் டாங்குக்குள் போனது. மூடியைத் திறந்தேன். உள்ளே ஒளிபரப்பு உரிமை அலுவலகம் இருந்தது. அதிகாரி முழங்கால் அளவு தண்ணீரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன வேணும்?" என்றார்.

"பந்து."

"பந்து எங்ககிட்ட இல்ல. நாங்க வாங்கினப்பவே அது மேல போயிருந்தது. தரையில இருந்ததைத்தான் வாங்கினோம்."

"தரையில என்ன இருந்தது?"

"உங்க தம்பி. அவர் நிழல். நெட்டு. அந்தப் பக்கத்துப் பாதி வேற சேனலுக்குப் போயிருச்சு. எதிராளி அதுலதான் இருந்தார்."

"அப்ப என் தம்பி யாரோட ஆடறான்?"

"அது எங்க பிரிவு இல்ல." அவர் தண்ணீரில் கையை அளைந்தார். "மோட்டார் போடப்போறாங்க. மூடியைச் சாத்திட்டுப் போங்க."

சாத்திவிட்டு நடந்தேன். கோபமாக இருந்தது. கோபத்தில் நடை வேகமாகிறது என்பதால் அதை அப்படியே வைத்துக்கொண்டேன்.

ஒயர் துளசிமணி அக்கா வீட்டுச் சுவரில் போய் நின்றது. அங்கேதான் எங்கள் வீதியின் பூஸ்டர் பெட்டி இருக்கிறது. வீதி கடைசி வரைக்கும் படம் தெளிவாக வர அது வேண்டும். அதற்குக் கரன்ட் துளசிமணி அக்கா வீட்டிலிருந்து போகிறது. பதிலுக்கு அக்காவுக்குக் கேபிள் இலவசம். பெட்டிக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, செவ்வந்திச் சரம் சாத்தியிருந்தது. அக்கா அதன் அடியில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா, திருமூர்த்தி பந்தை எறிஞ்ச அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"பாரியூர் அம்மன் கோயில்ல குண்டம் மிதிக்கப் போயிருந்தேன் அம்மிணி."

"மெயினை அணைச்சீங்களா?"

"ஊருக்குப் போறப்ப மெயினை அணைக்காம போவாங்களா? கரன்ட்டு பில்லு நீயா கட்டுவ?"

அப்படித்தான் அன்று படம் போயிருக்கிறது. அதில் தப்புச் சொல்ல இடமில்லை. நானாக இருந்தாலும் அணைத்துவிட்டுத்தான் போயிருப்பேன். வீட்டைப் பூட்டினோமா, கேஸை மூடினோமா, மெயினை அணைத்தோமா என்று பஸ்ஸில் ஏறிய பிறகும் கேட்டுக்கொள்கிற ஆட்கள் நாங்கள்.

பெட்டிக்குள் டொக் என்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு இன்னொரு டொக்.

"அது என்னக்கா?"

"சாமி," என்றார் துளசிமணி அக்கா. "குண்டத்துல இருந்து வந்த அன்னில இருந்து தட்டுது. என்ற கூடவே ஆத்தா வந்துட்டா."

"அதைத் திறக்கோணுங்க."

"திறந்தா ஓசிக் கனெக்சன் போயிரும்."

"நாளையில இருந்து கேபிளே இல்லீங்க்கா. எல்லாத்துக்கும் பொட்டி."

அக்கா அவரைக்காயைக் கீழே வைத்தார். வெகு நேரம் யோசித்தார். அதற்குள் செவ்வந்திச் சரம் வாடி, பிறகு மறுபடியும் மலர்ந்தது.

"அப்ப ஆத்தாளுக்கு என்ன சொல்றது?"

"தம்பி எறிஞ்சதுன்னு சொல்லுங்க. வீட்டுக்குக் கூட்டீட்டுப் போறேன்னு சொல்லுங்க."

அக்கா பெட்டியின் பக்கம் குனிந்து சொன்னார். சத்தம் நின்றது. அரிவாள்மணையின் முனையால் மூடியை நெம்பினார். பந்து உள்ளே இருந்தது. அப்போதுதான் எறிந்தது மாதிரி சூடாக இருந்தது. முந்தானையில் முடிந்துகொண்டேன். கொஞ்சம் அவரைக்காயும் கொடுத்தார்.

நான் திரும்பும்போது நல்லசிவம் வீதி முனையில் ஏணி சாத்திக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் மார்கபந்து சார் கிசுகிசுத்தார்.

"பந்து வந்துவிட்டது. ஆனால் எதிராளி தயாராக இல்லை. எதிராளி தயாராகாமல் சர்வீஸ் போட முடியாது. இது விதி."

"எதிராளி எங்க நிக்கணும்?"

"அவருக்கு எதிரில்."

நான் டீவியைப் பார்த்தேன். திருமூர்த்தி என்னைப் பார்த்தபடி நின்றான். இத்தனை காலமும் என்னைப் பார்த்தபடிதான் நின்றிருக்கிறான். மறுபாதி எங்கள் ஹால்தான். அதில் சோபா போட்டு வைத்திருந்தோம்.

சோபாவைத் தள்ளினேன். அடியில் வெள்ளைக் கோடு இருந்தது. பெருக்கும்போது எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். சுண்ணாம்பு என்று நினைத்திருந்தேன்.

"மட்டை வேண்டும்," என்றார் மார்கபந்து சார்.

ஆணியில் மாட்டியிருந்த கொசு மட்டையை எடுத்துக்கொண்டேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பார்கள். எங்கள் கூடம் நிஜமாகவே கோணல். ஆனால் நான் ஆடப்போவதில்லை. வருகிற பந்தை விட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் என் வேலை.

அது எளிதில்லை. கொசு மட்டையோடு நின்று நான் எதையும் தப்பவிட்டது கிடையாது. என் கை என்னைக் கேட்காது.

பந்தை டீவிக்கு மேலே பிடித்து விட்டுவிட்டு, கோட்டுக்கு ஓடினேன். பந்து படத்தின் மேல் விளிம்பிலிருந்து இறங்கியது. திருமூர்த்தியின் கண்கள் அதைப் பார்த்தன. பிறகு எனக்குப் பின்னால் எதையோ பார்த்தன. அடித்தான்.

பந்து நெட்டைத் தாண்டி, திரையைத் தாண்டி, ஹாலுக்குள் வந்தது. என் வலது கை எழுந்தது. இடது கையால் அதைப் பிடித்து வயிற்றோடு அழுத்திக்கொண்டேன். மட்டை என் சேலையைப் படபடவென்று சுட்டது. விடவில்லை. பந்து கோட்டில் பட்டு, என் காதைத் தாண்டி, சமையலறைக்குள் போய் ஏதோ ஒரு பாத்திரத்தில் விழுந்தது.

வெளியே வீதி முழுக்கக் கழுத்துகள் இறங்குகிற சத்தம் கேட்டது.

"ஆட்டம் முடிந்தது," என்றார் மார்கபந்து சார். முதல் முறையாக உரக்கச் சொன்னார். நல்ல குரல்.

ஆட்டம் முடிந்தால் நெட்டுக்கு வந்து கைகொடுப்பது வழக்கம். திருமூர்த்தி நடந்து வந்தான். தூக்கியிருந்த கையை மெதுவாக இறக்கி நீட்டினான். அதில் தைல வாசனை அடித்தது. நான் திரைக்குள் கையை விட்டுப் பிடித்துக்கொண்டேன்.

"ஜெயிச்சுட்டனாக்கா?" என்றான்.

"ஜெயிச்சுட்ட. வா, சாப்பிடலாம்."

"அக்கா, நறுக்கறேனுங்க," என்று வெளியே நல்லசிவம் குரல் கொடுத்தார்.

"நறுக்கப்பா," என்றேன்.

ஒயர் அறுந்தது. திரை முழுக்கப் புள்ளி புள்ளியாக ஆனது. முழங்கைக்கு மேல் என் கை தெரிகிறது. அதற்குக் கீழே தெரியவில்லை. ஆனால் அந்த முனையில் ஐந்து விரல்கள் என்னைப் பிடித்திருக்கின்றன. நான் ஒரு காலை டீவி ஸ்டாண்டில் ஊன்றிக்கொண்டேன். மார்கபந்து சார் என் இடுப்பைப் பிடித்தார். துளசிமணி அக்கா வந்து அவர் இடுப்பைப் பிடித்தார். பின்னால் வாசல் வரைக்கும் வீதி வந்து நிற்கிறது. யாரும் மேலே பார்க்கவில்லை.

இழுத்துக்கொண்டிருக்கிறோம். இப்போது அவன் மணிக்கட்டு வந்துவிட்டது.