பூ கேட்க வந்த கோயில்

கோபுரத்துக்கும் அதன் எதிரே சரிந்து கிடந்த கல்தூணுக்கும் நடுவில் வசந்தா போவதும் வருவதுமாக இருந்தாள். புடவை ஓரத்தில் நெருஞ்சி முள் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிய்த்தெறியக்கூட அவளுக்குப் பொறுமை இல்லை.

"ஒரு எடத்துல நில்லேன்டி. பொண்ணு பாக்க வர்றவங்க இன்னா நெனைப்பாங்க?" என்றாள் அவள் அம்மா பூவாயி.

"நைனா அவங்ககிட்ட சொல்லிட்டாரா இல்லியா?"

பூவாயி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சொல்லவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம்.

பெருமாள் முன்னால் பூ கேட்காமல் எந்தச் சம்பந்தமும் பேசுவதில்லை என்று தொண்டூர் அம்மாக்கண்ணு கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சன்னிதியில் வைத்து ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் அவள் மகன் தங்கராசுவுக்கு வசந்தா. சிவப்பு வந்தால் இல்லை.

ஆனால் எந்தச் சன்னிதியில்? கோயில் நுழைவுச் சட்டம் வந்து எத்தனையோ வருஷம் ஆகியும், ஊர்க் கோயிலில் சேரிக்காரர்கள் வாசலைத் தாண்டினால் மறுநாள் அறுப்பு வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். அதனால்தான் வசந்தாவின் அப்பா பச்சைமுத்து முன்பின் யோசிக்காமல் வாயை விட்டார். "எங்க கோட்டைக்குள்ள வெங்கட்ரமணர் கோயிலு இருக்குது, தங்கச்சி. நம்மள யாரும் தடுக்க மாட்டாங்க."

தடுக்க அங்கே யார் இருக்கிறார்கள்? எப்போதோ நடந்த சண்டைகளில் பாழாய்ப் போன கோயில். உள்ளே சாமியே கிடையாது. சின்ன வயதில் ஆடு ஓட்டி வந்த வசந்தா, மழை வந்தால் ஆடுகளோடு கருவறைக்குள்தான் ஒதுங்குவாள்.

முந்தைய இரண்டு இடங்கள் தட்டிப்போனபோது அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. இது தட்டிப்போகக் கூடாது. தங்கராசு மலேரியா ஒழிப்பில் வேலை பார்ப்பவன். போன வருஷம் அவள் படித்த ஆசிரியர் பயிற்சிப் பள்ளி விடுதிக்கு மருந்து அடிக்க வந்தான். மற்ற ஆட்கள் அப்படியே அடித்துக்கொண்டு போக, அவன் மட்டும் அவளுடைய புத்தகங்களை அள்ளி வெளியே வைத்து, தன் துண்டால் மூடிவிட்டுத்தான் அடித்தான். அன்றிலிருந்து அவளுக்கு அவன் நினைப்புதான்.

சைக்கிள் மணி கேட்டது. தங்கராசு இறங்கினான். பின்னால் உட்கார்ந்து வந்த அம்மாக்கண்ணு, இறங்கிய இடத்திலேயே செருப்பைக் கழற்றினாள். கோபுரத்தை அண்ணாந்து பார்த்தவள் வெளியிலேயே நின்று, தலைக்கு மேல் கைகளைக் குவித்தாள். கண்ணில் நீர் வந்துவிட்டது.

"உள்ள வாங்க அத்தை" என்றாள் வசந்தா.

"வேணாம் கண்ணு. எனக்கு இங்கயே போதும். பழகிப்போச்சி." மடியிலிருந்த இரண்டு பொட்டலங்களையும் பச்சைமுத்துவிடம் நீட்டினாள். "நீயே உள்ள வெச்சி எடுத்தாந்துடு, அண்ணே."

வாங்கிக்கொண்டு நாலடி நடந்த பச்சைமுத்து, வசந்தாவின் காதருகே குனிந்தார். "பாத்தியா, உள்ள வர்லன்னுடிச்சி. மோந்து பாத்தா எது மல்லின்னு தெரியாதா எனக்கு? வெள்ளைதான் வரும். நீ கம்முனு இரு."

கம்மென்று இருந்தால் போதும், தங்கராசு அவளுக்குத்தான். நைனா மண்டபத்துப் படியில் கால் வைத்துவிட்டார். அவள் அம்மாக்கண்ணுவைத் திரும்பிப் பார்த்தாள். அந்த அம்மாள் இன்னும் கையை இறக்கவில்லை.

"அத்தை, உள்ள சாமி இல்ல."

"இன்னா சொல்ற?"

"இந்தக் கோயில்ல சாமியே இல்ல. வௌவாலுதான் இருக்குது."

பூவாயி தலையில் கை வைத்துக்கொண்டாள். பச்சைமுத்து படியிலேயே நின்றுவிட்டார்.

அம்மாக்கண்ணு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று கோபுர வாசலுக்குள் நுழைந்தாள். வசந்தாவும் தங்கராசுவும் பின்னால் ஓடினார்கள். ஆட்டுப் புழுக்கையை மிதித்துக்கொண்டு மண்டபத்தைக் கடந்து, கருவறை நிலைப்படியைப் பிடித்தபடி அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். ஒரு வௌவால் தலைக்கு மேல் பறந்து போயிற்று.

"இம்மாம் சின்ன எடமா?" என்றாள் மெல்ல. "இதுக்கா என்னெ அத்தினி தூரத்துல நிக்க வெச்சாங்க?"

அவள் ஒரு காலை எடுத்து உள்ளே வைத்தாள். பிறகு மறு காலையும் வைத்தாள். இருட்டில் வெறும் பீடத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

"சரி, நாங்க கெளம்புறோம். ஊருக்குப் போயி சொல்லி அனுப்பறோம்."

அந்த வார்த்தையை வசந்தா முன்பும் இரண்டு தடவை கேட்டிருக்கிறாள். அப்படிச் சொல்லிப் போனவர்கள் யாரும் சொல்லி அனுப்பியதில்லை.

"வேணாம்னா இங்கயே சொல்லிடுங்க அத்தை. என்னால காத்துக்கினு இருக்க முடியாது. எனக்கு ஒங்க புள்ளய புடிச்சிருக்குது."

சொன்ன பிறகுதான் தங்கராசு பக்கத்தில் நிற்பது உறைத்தது. அவன் மண்டபத்துத் தூணை அப்போதுதான் முதல் தடவை பார்ப்பவன் போலப் பார்த்துக்கொண்டிருந்தான். காது மட்டும் சிவந்திருந்தது.

"பொய் சொல்ற வூட்டுல எப்பிடிடி பொண்ணு எடுக்கறது?"

"உண்மையச் சொன்னதும் அதே வூட்டுப் பொண்ணுதானம்மா" என்றான் தங்கராசு, தூணைப் பார்த்தபடியே.

"தோ, தொரைக்கு வாயி வந்துடிச்சி." அம்மாக்கண்ணு மகனை முறைத்தாள். பிறகு வசந்தாவை மேலும் கீழும் பார்த்தாள். "சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே. ஏன்டி சொன்ன?"

"நீங்க கும்பிட்டுக்கினு நின்னீங்க. பாக்க முடியல."

அம்மாக்கண்ணு முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். நடந்துபோய் மண்டபத்து விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டினாள்.

"ஆடி முடியட்டும். ஆவணியில வெச்சிக்கலாம். ஆனா ஒங்க நைனாகூட நான் பேச மாட்டேன். கல்யாணப் பேச்செல்லாம் ஒங்க அம்மாவ வந்து பேசச் சொல்லு."

இரண்டு தூண் தள்ளி நின்ற பச்சைமுத்து, கிட்டே வரத் துணிவில்லாமல் மனைவியின் தோளை இடித்தார். "இன்னாடி சொல்லுது தங்கச்சி?"

"ஒன்னாண்ட சொல்லக் கூடாதாம்" என்றாள் பூவாயி.