பின்பாரம்

காலமெல்லாம் பஸ் ஓட்டியவர் அவர். ஓய்வு பெற்ற பிறகும் உறவுக்காரர்கள் எல்லோருக்கும் அவர் 'டிரைவர்'தான். செத்துப்போன தங்கையின் பேக்கரி ஓவனை மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய வேலை அவர் தலையில் வந்து விழுந்தது. தங்கை மகள் அங்கே சொந்தமாகக் கடை போடுகிறாள். மண்சரிவுக்குப் பிறகு அந்தப் பாதையில் லாரிகளை விடுவதில்லை. "மாமா, நீங்கதான் கொண்டுவரணும். அப்பாவும் கூட வருவார்" என்று அவள் போனில் சொன்னபோது, முதல் பாதிக்குச் சரி என்றார். இரண்டாவது பாதிக்கு ஒன்றும் சொல்லவில்லை.

அப்பா என்றால் தங்கையின் புருஷன், பேக்கரிக்காரர், டிரைவருக்கு மாப்பிள்ளை. தங்கை போனதிலிருந்து டிரைவர் அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவளுக்கு நாலைந்து நாளாக வயிற்றுவலி இருந்ததாம். பெரிய ஆஸ்பத்திரி மலைக்கு அப்பால். கடைசியில் ஆம்புலன்ஸில் கூட்டிப்போனபோது வழியிலேயே உயிர் போய்விட்டது. இத்தனை நாள் இந்த மனுஷன் என்ன செய்துகொண்டிருந்தார், ரொட்டி வெந்துகொண்டிருந்ததா என்று டிரைவர் மனசுக்குள் கேட்டுக்கொண்டதுதான். வாய்விட்டு ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்காததாலேயே அது உள்ளே கல்லாகிக் கிடந்தது.

டிரைவரின் ஜீப் கிழட்டு ஜீப். கதவை அடித்துச் சாத்த வேண்டும், கண்ணாடியைக் கையால் பிடித்து ஏற்ற வேண்டும். ஆனால் இழுவைக்கு அதற்கு ஈடில்லை என்பது அவர் நம்பிக்கை. முந்தின நாள் சாயங்காலம் ஓவனை டிரெய்லரின் சக்கரங்களுக்குச் சற்று முன்னால் வரும்படி நிறுத்தி, நாலு பக்கமும் சங்கிலி போட்டு இறுக்கினார். பின்னால் பாரம் ஏறக் கூடாது, ஏறினால் இறக்கத்தில் டிரெய்லர் வாலாட்டும் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

காலையில் கிளம்பும்போது ஸ்டியரிங் கொஞ்சம் லேசாக இருந்ததுபோல் பட்டது. இறங்கி ஒரு சுற்று சுற்றிப் பார்த்திருக்கலாம். பஸ் ஓட்டிய காலத்தில் பார்க்காமல் ஒரு நாளும் வண்டியை எடுத்ததில்லை. ஆனால் இறங்கினால் டிரெய்லர் பக்கம் நிற்கும் மாப்பிள்ளையிடம் ஏதாவது பேச வேண்டியிருக்கும். இருந்த இடத்திலிருந்தே ஹாரன் அடித்தார். மாப்பிள்ளை வந்து ஏறிக்கொண்டார்.

ஏற்றம் தொடங்கியதும் ஜீப் முனக ஆரம்பித்தது. சூடு காட்டும் முள் மெல்ல மெல்லச் சிவப்பை நோக்கி நகர்ந்தது. இன்ஜினின் சூட்டை உள்ளே இழுக்க ஹீட்டரை முழுக்கத் திறந்தார் டிரைவர். இருவருக்கும் வியர்த்துக் கொட்டியது. உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு அகலமான வளைவில் அதற்கு மேல் முடியாது என்றானதும் ஓரங்கட்டினார். சக்கரங்களுக்குக் கல் வைத்தார். ஆவி அடங்கும் வரை காத்திருந்து, துணி போட்டு ரேடியேட்டர் மூடியைத் திருகித் தண்ணீர் ஊற்றினார். மாப்பிள்ளை இறங்கவே இல்லை. முழங்கால்களைப் பிடித்தபடி, தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். ஒரு கை கொடுக்கக்கூட மனசு வரவில்லை பார் என்று டிரைவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உச்சியைத் தாண்டினார்கள். இறக்கத்தில் வண்டியை இரண்டாவது கியரிலேயே பிடித்துவைத்திருந்தார். இரண்டு வளைவு ஒழுங்காகப் போனது. மூன்றாவது வளைவு முடிந்து பாதை நேரானதும் முதுகுக்குப் பின்னால் ஒரு இழுப்பு. பிறகு அந்தப் பக்கம் ஒன்று. டிரெய்லர் வாலாட்டியது. ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாக வந்து ஜீப்பின் பின்புறத்தைப் பிடித்து உலுக்கியது. இடது பக்கம் வெறும் ஆகாயம். கால் தானாக பிரேக்குக்குப் போயிற்று. மிதித்தால் பின்னால் இருப்பது தள்ளிக்கொண்டு வந்து பள்ளத்தில் கவிழ்த்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். காலை இழுத்துக்கொண்டார். ஸ்டியரிங்கை ஒடிக்காமல் இறுகப் பிடித்தபடி, டிரெய்லருக்கென்று தனியாக இருந்த பிரேக் கம்பியை மறு கையால் மெல்ல இழுத்தார். பின்னால் ரப்பர் கருகும் வாடை வந்தது. ஆட்டம் ஒரு தடவை பெரிதாக வந்தது, பிறகு குறைந்தது, பிறகு நின்றது. மலைச்சுவரை ஒட்டி வண்டியை நிறுத்தினார்.

பிறகு மாப்பிள்ளை கதவைத் திறந்து, ரோட்டோரம் குந்தி வாந்தியெடுத்தார்.

டிரைவர் டிரெய்லரின் பின்கதவைத் திறந்தார். கதவை ஒட்டினாற்போல், போர்வை சுற்றி, மாவு பிசையும் மெஷின் நின்றது. வார்ப்பிரும்பு உடம்பு, தொட்டி, மோட்டார் எல்லாவற்றோடும். அவர் தூங்கப் போன பிறகு மாப்பிள்ளை பக்கத்துக் கடைக்காரர்களைக் கூப்பிட்டு ஏற்றியிருக்கிறார்.

"யாரைக் கேட்டு ஏத்துனீங்க?"

"உங்களைக் கேட்டா வேண்டாம்னிருப்பீங்க." மாப்பிள்ளை வாயைத் துடைத்துக்கொண்டார். "அவ ஆசைப்பட்டு வாங்குனது, மச்சான். மகள்கிட்ட இருக்கட்டும்னு..."

டிரைவர் யோசிக்காமல் சொல்லிவிட்டார்.

"ஏற்கெனவே ஒருத்தியை இந்த ரோட்டுல வாரிக் குடுத்தாச்சு. அது போதலையா உங்களுக்கு?"

மாப்பிள்ளை கோபப்படவில்லை. வந்த வழியை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

"இங்க இல்ல மச்சான். மேல, நீங்க தண்ணி ஊத்துனீங்களே, அந்த வளைவு. முன்னாடி மண்ணு சரிஞ்சு வண்டியெல்லாம் நின்னுருச்சு. அங்கதான்."

டிரைவர் டிரெய்லரின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். உள்ளே கல்லாகிக் கிடந்தது அப்போதுதான் வெளியே வந்தது. "முன்னாடியே கூட்டிட்டுப் போயிருக்கலாமே, மாப்பிள்ளை. அத்தனை நாள் இருந்துச்சே."

மாப்பிள்ளை மெஷினின் போர்வையை இழுத்துச் சரி செய்தார். அது சரியாகத்தான் இருந்தது. டிரைவர் விடவில்லை. சொல்லுங்க, எனக்குத் தெரியணும் என்றார்.

"தினமும் கூப்பிட்டேன். வரமாட்டேன்னா." அவர் டிரைவரின் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "ஞாயித்துக்கிழமை அண்ணன் வருது, அது வண்டியில போவோம்னா. இந்த வளைவுல அண்ணன் ஓட்டுனாத்தான் எனக்கு வயித்தைப் புரட்டாதுன்னா. உங்களுக்குப் போன் பண்றேன்னேன். பஸ்ஸைப் பாதி வழியில விட்டுட்டு ஓடி வந்துரும், சொல்லாதீங்கன்னுட்டா."

அந்த ஞாயிற்றுக்கிழமை டிரைவர் வரத்தான் செய்தார். வந்தபோது வாசலில் செருப்புகள் நிறைந்து கிடந்தன.

"இதை ஏன் இவ்வளவு நாளா சொல்லல?"

"சொல்லி?" என்றார் மாப்பிள்ளை. "என்னைத் திட்டுனா உங்களுக்குக் கொஞ்சம் ஆறும்னு நினைச்சேன்."

கீழிருந்து ஒரு கார் ஏறி வந்து, இவர்களைப் பார்த்து வேகம் குறைத்தது. ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று கையசைத்தார் டிரைவர். கார் போனதும் டிரெய்லரின் மறுபக்கம் போய், மலைச்சுவரைப் பார்த்து நின்றார். மாப்பிள்ளை அந்தப் பக்கம் வரவில்லை. வராமல் இருந்தது நல்லதாயிற்று.

திரும்பி வந்தவர் கையில் ஸ்பேனர் இருந்தது. மெஷினை முழுசாகத் தூக்க இரண்டு பேரால் ஆகாது. இங்கேயே இறக்கி வைத்துவிட்டுப் போகலாம் என்று மாப்பிள்ளைதான் சொன்னார். டிரைவர் அதைக் காதில் வாங்கவில்லை. தொட்டியைக் கழற்றினார்கள், மோட்டாரைக் கழற்றினார்கள், இரண்டையும் ஜீப்பின் பின்சீட்டில் வைத்தார்கள். மிச்சமிருந்த உடம்பை ஒரு மூலை நான், ஒரு மூலை நீ என்று மாற்றி மாற்றி நகர்த்தி, ஓவனுக்கும் பக்கச்சுவருக்கும் நடுவே இருந்த சந்து வழியாக முன்பக்கம் கொண்டுபோனார்கள். மாப்பிள்ளையின் விரல் ஒன்று நசுங்கியது. டிரைவர் தன் கைக்குட்டையைக் கிழித்துக் கட்டிவிட்டார். ரத்தம் கட்டுக்கு வெளியே வருகிறதா என்று பார்க்கிற சாக்கில் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

சக்கரங்களில் சூடு ஆறியதும் கிளம்பினார்கள். இந்தத் தடவை டிரைவர் வண்டியைச் சுற்றி வந்தார். கொக்கியைக் குனிந்து பார்த்தார், சங்கிலிகளை இழுத்துப் பார்த்தார். மாப்பிள்ளை மறுபக்கம் சுற்றி வந்து, இந்தப் பக்கம் சரியா இருக்கு மச்சான் என்றார். நடைவேகத்தில் இறங்கினார்கள். பின்னால் சேர்ந்த வண்டிகளுக்கெல்லாம் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

பாதி இறக்கத்தில் டிரைவர் கேட்டார்.

"ஆம்புலன்ஸ்ல பேசுனாளா?"

"பேசுனா."

"என்ன பேசுனா, சொல்லுங்க. ஒண்ணையும் விடாதீங்க."

மாப்பிள்ளை சொல்லத் தொடங்கினார். எங்கே படுக்க வைத்தார்கள், எந்த வளைவில் கையைப் பிடிக்கச் சொன்னாள், ஆம்புலன்ஸ் பையனுக்கு ஓட்டவே தெரியவில்லை என்று எப்படி முகம் சுளித்தாள் என்பதுவரை. அந்த இடத்தில் டிரைவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு சேர்ந்து கண்ணும் மறைத்ததால் இன்னும் மெதுவாக ஓட்டினார்.

மகளின் கடைவாசலில் வண்டி நின்றபோது வெயில் தாழ்ந்திருந்தது. சுவருக்கு வெள்ளையடித்த கையோடு அவள் ஓடி வந்தாள். இன்ஜின் நின்ற பிறகும் இரண்டு பேரும் இறங்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பயந்துபோய், ஜன்னல் பக்கம் குனிந்தாள்.

"என்ன மாமா, இறங்கலையா?"

"இரும்மா" என்றார் டிரைவர். "அப்பா பேசிக்கிட்டிருக்கார்."