ஊசியை உருவியவன்

படகு முதலாளி பூவளையத்தோடு உள்ளே வந்தபோது அவள் எழுந்திருக்கவில்லை. கூடத்திலிருந்த ஆண்கள் எல்லோரும் எழுந்தார்கள். அவளுடைய மூத்தார்தான் முதலில் எழுந்தார். இறந்தவனின் அண்ணன், அவன் வேலை பார்த்த படகை ஓட்டுகிறவர். தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தோள் துண்டால் இரண்டு தட்டுத் தட்டித் துடைத்து முதலாளிக்கு நகர்த்திப் போட்டார்.

பெட்டி மூடியே இருந்தது. திறக்க வேண்டாம் என்று மருத்துவமனையில் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். மூடியின் மேல் அவனுடைய படம். அடையாள அட்டைக்காக எடுத்தது. யார்மேலோ கோபமாக இருப்பவன்போல முகம். உண்மையில் தும்மலை அடக்கிக்கொண்டிருந்தான். துறைமுகத்தில் அவனை 'டாக்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். இன்ஜின்மேல் காதை வைத்துக் கேட்டே எங்கே நோவு என்று சொல்லிவிடுவான்.

முதலாளி உட்கார்ந்தார். பெருமூச்சு விட்டார்.

"தங்கமான பையன். ஆனா சொன்னா கேக்கணும்ல? இன்ஜின் ரூம்ல சிகரெட் புடிக்காதீங்கடான்னு நூறு தடவ சொல்லியிருப்பேன். என்ன பண்றது, தலையெழுத்து."

சுற்றி நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள்.

அவள் கணவன் ஆயுளில் சிகரெட்டைத் தொட்டதில்லை. பக்கத்தில் யாராவது புகைத்தாலே இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் விடுவான். அது மூத்தாருக்கும் தெரியும். அவள் அவரைப் பார்த்தாள். அவர் தன் கட்டைவிரல் நகத்தை மும்முரமாக ஆராய்ந்துகொண்டிருந்தார்.

இன்ஜினுக்குப் போகும் டீசல் ஹோஸ் நான்கு மாதமாகக் கசிந்துகொண்டிருந்தது. சொட்டுகிற இடத்துக்கு நேர் கீழே புகைக்குழாய். தொட்டால் தோல் உரியும் சூடு. அதைச் சுற்றியிருந்த காப்புத் துணியும் நைந்து பாதிக்குமேல் கழன்றுவிட்டது. அவள் கணவன் சைக்கிள் டியூபைக் கீற்றாக வெட்டி ஹோஸைக் கட்டினான். ஒரு தகரத்தை வளைத்து இடையில் சொருகினான். ஒவ்வொரு முறை கரைக்கு வந்ததும் முதலாளி வீட்டு வாசலில் போய் நின்றான். ஒவ்வொரு முறையும் ஒரே பதில்: "அடுத்த நடை முடியட்டும், மாத்திடலாம்."

அவள் வேலை பார்த்தது தையல் கம்பெனியில். மாதம் ஒருமுறை அங்கே விசில் ஊதி எல்லோரையும் வெளியே ஓடவிட்டுப் பழக்குவார்கள். தீயணைப்புக் குழுவில் அவளும் ஒருத்தி. ஊசியை உருவு, தீயின் அடியைக் குறி, கைப்பிடியை அமுக்கு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஒரு நாள் சாப்பிடும்போது அவனிடம் கேட்டாள்.

"உங்க படகுல தீயணைக்கிற சிலிண்டர் இருக்குதானே? அதுல முள்ளு பச்சையில நிக்குதான்னு பார்த்தீங்களா? சிவப்புல நின்னா அமுக்கினாலும் மருந்து வெளிய வராது."

"முள்ளா? அது கண்ணாடிக்குள்ள தூங்குது. எழுப்பினா பாவம்."

"சிரிக்காதீங்க. தீப்புடிச்சா என்ன பண்ணுவீங்க?"

"உனக்கென்ன, கதவத் திறந்துட்டு ரோட்டுக்கு ஓடிருவ. நான் கதவத் திறந்தா கடல்தான் இருக்கு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். தானும் சேர்ந்து சிரித்தோமே என்பதை நினைக்க இப்போது அவளுக்குத் தன் வாயிலேயே ஓர் அடி போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

படகில் தீப்பிடித்த பிறகு மருத்துவமனையில் மூன்று நாள் கிடந்தான். அதில் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினான். "ஊசிய உருவிட்டேன்." நர்ஸ் பதறிப்போய்க் கையைத் தூக்கிப் பார்த்தாள். "இல்லீங்க, ஊசி அப்படியேதான் இருக்கு. அசைக்காதீங்க" என்று டியூபைச் சரிசெய்தாள். அவன் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினான். அதற்கப்புறம் பேச்சில்லை.

முதலாளியின் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்து, வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசினார். அவள் இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தாள்.

"ரெண்டையும் மாட்டிரு, என்ன? சரி. பழச இன்னிக்கே கண்ணுல படாம எடுத்துரு. படகப் பாக்க ஆய்வாளர் நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்கெல்லாம் வந்துருவாரு."

அவள் எழுந்தாள். பெட்டியை எடுக்க இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. கம்பெனியிலிருந்து வந்திருந்த சூப்பர்வைசர் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். விசில் ஊதுகிறவள் அவள்தான்.

"அக்கா, ஸ்கூட்டர் சாவி இருக்கா?"

"இப்ப எங்கடி?"

"வாங்க, சொல்றேன்."

துறைமுகத்தின் கடைசியில், அந்தப் படகை மற்ற படகுகளிலிருந்து ஒதுக்கிக் கட்டியிருந்தார்கள். முன்பாதி நீலம். பின்பாதி கரி. மெக்கானிக் ஒருவன் பலகைமேல் உட்கார்ந்து, புத்தம்புதிய சிவப்புச் சிலிண்டர் ஒன்றின் பிளாஸ்டிக் உறையைப் பல்லால் கடித்துக் கிழித்துக்கொண்டிருந்தான். இன்னொன்று கரியேறிய சுவரில் ஏற்கனவே மாட்டியாகிவிட்டது. வெந்துபோன வீட்டில் புதுப் பாத்திரத்தை அடுக்கி வைத்ததுபோல இருந்தது.

"அக்கா, நீங்க எதுக்கு இங்க..."

அவள் அவனைத் தாண்டிப் போனாள். ஏணியில் இறங்கினாள். இன்ஜின் அறை இன்னும் நாறியது. கீழே தேங்கிய தண்ணீரில் எண்ணெய் மிதந்தது. சைக்கிள் டியூப் இருந்த இடத்தில் ஒரு கருப்புப் பிசின்தான் மிச்சம். காலால் துழாவிக்கொண்டே போனாள். ஏணிக்கு அந்தப்புறம், மூலையில், மீன் கூடையில் போட்டு மேலே சாக்கை மூடி வைத்திருந்தார்கள்.

பழைய சிலிண்டர். ஒரு பக்கம் பெயிண்ட் கொப்பளித்திருந்தது. கழுத்தில் உலோகத் தகடு தொங்கியது. கடைசியாகச் சோதித்த தேதி, அவர்களுடைய கல்யாணத்துக்கு முந்தின வருடம். கண்ணாடிக்குள் முள் சிவப்பின் அடிமட்டத்தில் கிடந்தது. கைப்பிடி, அமுக்கிய அமுக்கில் வளைந்து ஒரு பக்கமாகக் கோணியிருந்தது.

ஊசி இல்லை.

அவள் ஊசி இருந்த ஓட்டைமேல் விரல் நுனியை வைத்துப் பார்த்தாள். சரியாகத்தான் செய்திருக்கிறான். ஓடவில்லை. உருவியிருக்கிறான், குறி பார்த்திருக்கிறான், அமுக்கியிருக்கிறான். கைப்பிடி வளையும் மட்டும் அமுக்கியிருக்கிறான்.

மேலே வந்ததும் மெக்கானிக் வழியை மறித்தான். "அத வச்சிருங்கக்கா. முதலாளி என்னைக் கேப்பாரு."

"கேக்கட்டும். எங்க வீட்டுலதான் உக்காந்திருக்காரு, நானே சொல்லிக்கிறேன். தள்ளு."

அவன் சூப்பர்வைசரைப் பார்த்தான். "தள்ளுன்னா தள்ளேம்ப்பா" என்றாள் அவள், விசில் ஊதுகிற குரலில்.

வீட்டுக்குள் நுழைந்து, நேராகப் போய், பெட்டிக்கும் முதலாளிக்கும் நடுவில் சிலிண்டரைத் தரையில் நட்டமாக வைத்தாள். கரித்தண்ணீர் வழிந்து தரையில் வட்டமாக நின்றது.

"உங்க சாமான்தானே? பாருங்க. எந்த இடத்துல சிகரெட் பத்த வச்சாருன்னு காட்டுங்க."

"என்னம்மா இது, இந்த நேரத்துல போயி..."

"பின்ன எந்த நேரத்துல? நாளைக்கு ஒம்பது மணிக்கா?"

முதலாளி சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "நீ மனசொடைஞ்சு பேசுற, நான் தப்பா எடுத்துக்கல. ஆனா இது எந்தப் படகோடதுன்னு யாருக்குத் தெரியும்?"



"நம்ம படகோடது" என்றார் மூத்தார். சுவரைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். "அடியில படகு நம்பர் இருக்கு. பெயிண்ட்ல எழுதினது நான்தான்."

சூப்பர்வைசர் குனிந்து சிலிண்டரைச் சாய்த்தாள். நம்பர் இருந்தது. முதலாளி எழுந்தார். அடிக்காத போனைக் காதில் வைத்து "சொல்லுப்பா, சொல்லு" என்று பேசிக்கொண்டே வாசலுக்குப் போனார். திரும்பி வரவில்லை.

மூத்தார் அவள் எதிரே வந்து தரையில் உட்கார்ந்தார். துண்டை வாயில் அழுத்திக்கொண்டு குலுங்கினார்.

"அன்னிக்கு அவன் ஏறமாட்டேன்னுதாம்மா சொன்னான். ஹோஸ மாத்தாம ஏறமாட்டேன்னான். நான்தான் இந்த ஒரு நடை போயிட்டு வந்துரலாம்டான்னு..."

"தெரியும் மச்சான்."

"அவன் சொன்னானா?"

"நீங்க வாசல்ல நின்னு சொன்னப்ப நான் உள்ளதான் இருந்தேன். நானும் ஒண்ணும் சொல்லல. பையை எடுத்து அவர் கையில கொடுத்தேன்."

அவள் அவரைத் தேற்றுவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். தேற்றவில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டாள். கொஞ்சநேரம் கழித்து, மின்தகன மேடையில் நேரம் சொல்லியாயிற்று, வண்டி வந்துவிட்டது என்று யாரோ வந்து சொன்னார்கள்.

"எரிக்க வேண்டாம்" என்றாள் அவள்.

"ஏற்பாடெல்லாம் பண்ணியாச்சேம்மா..."

"மாத்துங்க. ஒரு தடவ எரிஞ்சது போதும். மண்ணுக்குள்ள வைங்க, குளிர்ச்சியா இருக்கட்டும்."

மறுநாள் ஒன்பது அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது அவளும் மூத்தாரும் துறைமுகத்தில் நின்றிருந்தார்கள். சிலிண்டரைத் தன் காலருகில் வைத்திருந்தாள். அன்று கடலுக்குப் போகவேண்டிய படகுகளில் மூன்று அப்படியே கட்டிக் கிடந்தன. அவற்றின் இன்ஜின் ஆட்கள் மேல்தளத்தில் உட்கார்ந்து இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆய்வாளர் வந்தார். சுவரில் மாட்டியிருந்த இரண்டு புதுச் சிலிண்டர்களையும் பார்த்தார். அவற்றில் கரித்தூசு ஒரு துளிகூட இல்லாததையும் பார்த்தார். அவளிடம் வந்து, எழுதும் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு எழுத ஆரம்பித்தார். மூத்தாரிடம் கேள்வி கேட்டார். அவர் ஹோஸிலிருந்து தொடங்கி ஒன்று விடாமல் சொன்னார்.

"சரி. இத நான் எடுத்துக்கிறேன். ரசீது தர்றேன்" என்றார் ஆய்வாளர். எழுதியபடியே வாசித்தார். "தீயணைப்புச் சிலிண்டர், ஒண்ணு. நிலை, காலி."

"காலி இல்ல சார்."

"முள்ளு அடியில இருக்கேம்மா."

"மருந்து உள்ளதான் இருக்கு. வெளிய வரல."

அவர் அவளை ஒருமுறை பார்த்தார். பேனாவைப் பைக்குள் சொருகிவிட்டு, குனிந்து, ஒரு கையால் சிலிண்டரைப் பற்றித் தூக்கப்போனார். அது வரவில்லை. அட்டையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் தூக்கினார்.