எழுபது பாக்கெட் ஷாம்பு

கிறிஸ்டினாவின் கைப்பையை மோகன்ராஜ் கல்லா மேசைமேல் கொட்டியது ஆடி மாதத்தில், ஒரு சனிக்கிழமை சாயங்காலம்.

அவளுக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் மசாலாத்தூள் கம்பெனி ஒன்றில் பேக்கிங் வேலை. கம்பெனி வேன் ஐந்தரை மணிக்குக் கவரைப்பேட்டை ஸ்டேஷன் ரோட்டில், மோகன்ராஜின் சூப்பர் மார்க்கெட் வாசலில் இறக்கிவிடும். அன்று கடை முழுக்க ஆடித் தள்ளுபடி என்று மஞ்சள் அட்டைகள் தொங்கின. துவரம்பருப்பையும் எண்ணெயையும் சேர்த்துக் கட்டி ‘காம்போ’ என்று அடுக்கியிருந்தார்கள். கிறிஸ்டினா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தனித்தனியாக எடுத்தால் பன்னிரண்டு ரூபாய் குறைவு என்று பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள். அந்தப் பெண் கையிலிருந்த காம்போவைத் திரும்ப வைத்தாள். மோகன்ராஜ் கல்லாவிலிருந்து எழுந்து வந்தார்.

“ரெண்டு ரூபா ஷாம்பு வாங்கிக்கினு போற ஆளு, நீ எங்கடைல கணக்கு சொல்றியா? பையைக் காட்டு. நீங்கள்லாம் வந்துட்டுப் போனா சரக்கு குறையுது.”

அவள் காட்டுவதற்குள் பிடுங்கிக் கவிழ்த்தார். டிபன் பாக்ஸ், கம்பெனியில் தலைக்குப் போடும் வலை, அடையாள அட்டை எல்லாம் விழுந்தன. பேப்பரில் சுற்றிவைத்திருந்த நாப்கின் இரண்டும் மேசை விளிம்பு வரை உருண்டன. வேனில் வந்த பெண்கள் நின்றிருந்தார்கள். அவளுடைய சூபர்வைசர் வரிசையில் இருந்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைப்பொருள் ஒன்றும் அந்தப் பையில் இல்லை. மோகன்ராஜ் மன்னிப்புக் கேட்கவில்லை. எடுத்துக்கொண்டு போகும்படி கையைக் காட்டிவிட்டு அடுத்த ஆளுக்கு பில் போட ஆரம்பித்தார்.

விஷயம் தெரிந்ததும் அவள் கணவன் ஸ்டீவன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். அவள் வாசலை மறித்து நின்றாள்.

“நீ அடிச்சா உம்மேல கேஸாவும். அவனுக்கு எங்க வலிக்கும்னு எனக்குத் தெரியும். நீ உக்காரு.”

பேக்கிங்கில் ஒன்பது வருடம் நின்றவள் அவள். ஐம்பது கிராம் பாக்கெட்டும் அரைக் கிலோ பாக்கெட்டும் ஒரே தூளில்தான் ஓடும் என்று அறிவாள். பெரிய பாக்கெட் என்றாலே மலிவு என்று யோசிக்காமல் எடுப்பவர்கள் எத்தனை பேர் என்பதும், பாக்கெட்டின் பின்பக்கம் ஒரு கிராமுக்கு என்ன விலை என்று எறும்பு எழுத்தில் அச்சடித்திருப்பதை எவரும் படிப்பதில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். அடுத்த சனிக்கிழமை தலையைக் குனிந்துகொண்டு அதே கடைக்குப் போனாள். உப்பு ஒரு பாக்கெட் வாங்கினாள், யாருக்கும் தெரியாமல் விலை அட்டைகளையும் பாக்கெட்டுகளின் பின்பக்கத்தையும் போனில் இருபது படம் எடுத்தாள். மோகன்ராஜ் பார்த்துச் சிரித்தார். அவள் அடங்கிவிட்டாள் என்று நினைத்திருப்பார்.

வேன் வாட்ஸ்அப் குழுவிலும் மகளிர் குழுவிலும் தினம் காலையில் ஒரு பொருளைப் பற்றிப் போனில் பேசிப் பதிந்து அனுப்பினாள். பிஸ்கட் பெரிய பாக்கெட் வாங்கினால் நஷ்டம். சோப்புத்தூள் பெரியதுதான் லாபம், அதில் ஏமாற்று இல்லை. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்ற ஊறுகாய்க்குத் தேதி முடிய பதினெட்டு நாள்தான் இருக்கிறது, அட்டையில் போட்டிருக்கும் கூடுதல் விலைக்கு மற்ற கடைகளில் யாரும் விற்பதே இல்லை. பொய் ஒன்றுகூடக் கலக்கக் கூடாது என்பதில் மட்டும் கண்டிப்பாக இருந்தாள். ஒரு பொய் அகப்பட்டால் மோகன்ராஜ் தப்பித்துவிடுவார்.

மகளிர் குழுத் தலைவி ஞானம்மா மட்டும் நம்பவில்லை. பெரிய பாட்டில் வாங்கினால்தான் மிச்சம் என்று இருபது வருடமாக ஊருக்கெல்லாம் சொல்லி வந்தவர். கிறிஸ்டினா வாதாடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் ஞானம்மா வீட்டுக்கே போனாள். நூற்று நாற்பது ரூபாய்க்கு வாங்கிய ஷாம்பு பாட்டில் ஒன்று, அதே பணத்துக்கு வாங்கிய எழுபது பாக்கெட், கத்தரிக்கோல் இரண்டு, அதே அளவு காலி பாட்டில் மூன்று. பத்துப் பெண்கள் உட்கார்ந்து பாக்கெட்டுகளை வெட்டிப் பிழிந்தார்கள். முதல் பாட்டில் நிறைந்தது. இரண்டாவதும் நிறைந்தது. மூன்றாவது பாட்டிலில் கால்வாசி ஏறியபோது ஞானம்மா கையைத் துடைத்துக்கொண்டு, கிறிஸ்டினா பையைக் கொட்டியவன் இதே பாட்டிலைத்தானே மாதம் தவறாமல் தன் தலையில் கட்டினான் என்று கேட்டார். அதற்கப்புறம் அவர் கிறிஸ்டினாவைவிட உக்கிரமாக இறங்கினார்.

சர்க்கரை விஷயத்தைக் கண்டுபிடித்ததும் கிறிஸ்டினாதான். மோகன்ராஜ் கடையில் சர்க்கரை மட்டும் ஊரிலேயே மலிவு. ஊத்துக்கோட்டை மொத்தக் கடையில் விசாரித்தாள். மூட்டைக்கணக்கில் வாங்கினாலே கிலோவுக்கு அதைவிட ஐந்து ரூபாய் கூட ஆகிறது. நஷ்டத்துக்குச் சர்க்கரை கொடுத்து ஜனங்களை உள்ளே இழுக்கிறார், காம்போவிலும் பெரிய பாட்டிலிலும் சேர்த்துப் பிடுங்குகிறார்.

அடுத்த மாதம் சம்பளம் போட்ட அன்று சாயங்காலம் அறுபது பெண்கள் கடைக்குள் போனார்கள். ஒவ்வொருத்தியும் காம்போவை எடுத்துப் பின்பக்கத்தை வாய்விட்டுப் படித்தாள், திரும்ப வைத்தாள். ஒரு கிலோ சர்க்கரையும் ஒரு சரம் ஷாம்பு பாக்கெட்டும் எடுத்துக்கொண்டு பில்லுக்கு நின்றாள். தன்னிடம் பேச்சு வாங்காத ஒருத்தியைக்கூட மோகன்ராஜ் அந்த வரிசையில் கண்டுபிடித்திருக்க முடியாது. கிறிஸ்டினா கடைசியாக நின்றாள். அவளுடைய சர்க்கரைக்கு அவர் தலை நிமிராமல் பில் போட்டார். அன்று ராத்திரி அவள் சாப்பிட்ட சோறு ருசியாக இருந்தது.

மாதாமாதம் இதுதான். சர்க்கரை இல்லை என்று மோகன்ராஜ் அட்டை எழுதினார். கடைக்கு ஆளே வரவில்லை. சர்க்கரையைத் திரும்பக் கொண்டுவந்தார்; சர்க்கரைக்கு மட்டும் வந்தார்கள். பொங்கலுக்கென்று இறக்கிய காம்போ சுவர் உயரத்துக்கு அப்படியே நின்றது. தேதி முடியப்போகும் சரக்கைப் பாதி விலைக்கு ஒரு ஓட்டல்காரரிடம் தள்ளினார் என்று ஞானம்மா கேள்விப்பட்டு வந்து சொன்னார்.

தை பிறந்து இரண்டாம் வாரம், காலையில் வேன் நிற்கும் இடத்துக்கு மோகன்ராஜ் வந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

“ரொம்பப் பேஜாராப் போச்சும்மா. அன்னிக்கு ஏதோ கோவத்துல பண்ணிட்டேன். உங்களுக்கு இன்னா வேணும், சொல்லுங்க.”

‘உங்களுக்கு’ என்ற அந்த வார்த்தை அவளுக்கு இனித்தது. சனிக்கிழமை சாயங்காலம், கடையில் கூட்டம் இருக்கும்போது, செய்தது தப்பு என்று சொல்லச் சொன்னாள்.

சனிக்கிழமை அவள் வேனிலிருந்து இறங்கி நேராகக் கல்லாவுக்குப் போனாள். வரிசையில் பதினைந்து பேர் இருந்தார்கள். சூபர்வைசரும் இருந்தார். மோகன்ராஜ் எழுந்து நின்றார். திருடாதவள்மேல் திருட்டுப் பட்டம் கட்டினேன், பொம்பளைப் பிள்ளை பையை நடுக்கடையில் கொட்டினேன், தப்பு என்னுடையது என்று குனிந்த தலையோடு சொன்னார்.

“பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கல. இன்னொரு தபா சொல்லுங்க” என்றாள் கிறிஸ்டினா.

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று புரிந்தது. உரக்க, வார்த்தை வார்த்தையாக, மறுபடி சொன்னார். கிறிஸ்டினா முழுசும் கேட்டுக்கொண்டு, எதுவும் வாங்காமல் வெளியே வந்தாள்.

இத்தோடு விட்டுவிடலாமே என்று ஸ்டீவன் கேட்டான். அந்த மனுஷனைப் பார்க்கத் தனக்கே பாவமாக இருக்கிறது என்றான். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். பாவம் என்று தனக்கும் தோன்றுகிறதா என்று மனதுக்குள் தேடிப் பார்த்தாள். தோன்றவில்லை. திங்கட்கிழமை காலை வேனில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனை எடுத்து, குழுவுக்கு டீத்தூளைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள்.