ரேடியேட்டரில் புதுத்தண்ணி

“கொஞ்சம் கேளுங்க மாமா, அந்த மூடியக் கழட்டாம...”

“முப்பது வருசமா எஞ்சின் சூட்டக் கொறைக்கத்தான் மாப்ள நான் பாடுபட்டேன், நீங்க என்னாடான்னா...”

“...கழட்டாம ஹீட்டர உள்ள வுட முடியாது மாமா.”

“...சூடு வெக்கிறேன்னு சுத்தியலோட நிக்கிறீங்க.”

மாமனாரும் மருமகனும் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டே பேசியதில், துவைக்கிற கல்லண்டை நின்ற பிரபாவதிக்கு யார் சொன்னதும் முழுசாகக் காதில் விழவில்லை. மகளின் பாவாடையைக் கும்மிக்கொண்டே, சுத்தியல் சத்தம் கேட்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டது. ஒருமுறை, இரண்டு முறை, பிறகு டங்கென்று வேறு மாதிரி ஒரு சத்தம்.

அப்பா சவுரிராயன் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கம் டாக்சி ஓட்டியே அவளைப் படிக்க வைத்தவர். அந்த வெள்ளை டீசல் கார் இப்போதும் அவர் சொன்ன பேச்சைக் கேட்கும். புருசன் அன்புச்செல்வனுக்கு லடாக்கில் டெலிபோன் டவர் பார்க்கிற வேலை. போன ஜனவரியில் அங்கே ஒரு நாள் விடியற்காலை, நாலு வயசு இசைவாணிக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தது. ஆபீஸ் ஜீப் குளிரில் கட்டைபோலக் கிடந்தது, ஸ்டார்ட் ஆகவில்லை. பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர் ஒரு ஸ்டவ்வைக் கொளுத்தி எஞ்சினுக்கு அடியில் வைத்து அனல் காட்டினார். நாற்பது நிமிஷம். அந்த நாற்பது நிமிஷமும் குழந்தை அவள் மடியில் வாய் ஒரு பக்கமாய் இழுத்துக்கொண்டு கிடந்தது.

பிள்ளை பிழைத்துக்கொண்டது. மார்ச் மாதம் பிரபாவதி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திண்டிவனம் வந்தவள்தான், திரும்பவில்லை. எப்போ வர்றே, எப்போ வர்றே என்று அவன் போனில் கேட்டுக்கொண்டே இருந்தான். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் ஒரு நாள் சொன்னாள்: சாவியத் திருகுன ஒடனே ஸ்டார்ட் ஆவுற வண்டி இருந்தா வர்றேன். முடியாது என்பதைத்தான் அவள் அப்படிச் சொன்னாள். அவன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான்.

செப்டம்பரில் இருபது நாள் லீவில் வந்தவன் கையில் ஒரு அட்டைப்பெட்டி. திறந்தால், பக்கெட்டில் போட்டு வெந்நீர் வைக்கிற ராடு மாதிரி, அதில் பாதிக்குப் பாதி ஒரு சாமான். எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கிற தகர மூடியை எடுத்துவிட்டு அந்த ஓட்டையில் இதை வைக்க வேண்டுமாம். ராத்திரி வீட்டு கரண்டில் சொருகிவிட்டால் காலையில் எஞ்சின் வெதுவெதுவென்று இருக்குமாம். பேத்தி லடாக்குக்குப் போகிற வண்டி என்று அப்பாவும் தன் கார் சாவியைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். கொடுத்த பிறகுதான் சண்டை. எதிர்வீட்டு கெங்கம்மாள், உங்க வூட்டுக்காரரு காருக்கு வெந்நீர் வெச்சிக் குளிப்பாட்டப் போறாரா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மூடி ஒரு பக்கமாய்ச் சாய்ந்தது. அது உள்ளே விழுந்துவிட்டால் எஞ்சினையே இறக்க வேண்டும் என்று அன்பு மூச்சைப் பிடித்துக்கொண்டு இடுக்கியால் கவ்வினான். வேண்டாம் வேண்டாம் என்றிருந்த சவுரிராயன்தான் டார்ச்சைப் பிடித்தார். மூடி வெளியே வர, பின்னாலேயே டீத்தண்ணி நிறத்தில் துருத்தண்ணி கொட்டி அவன் முழங்கை வரை நனைத்தது. எல்லாம் போர் தண்ணி. அப்பா தினமும் காலையில் கேனில் பிடித்து ஊற்றியது.

ஓட்டையின் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, ரப்பர் வளையத்தில் எண்ணெய் தடவி, ஹீட்டரை இறுக்கினான். ஒயரை சைலன்சர் குழாயில் படாமல், ஃபேனில் மாட்டாமல் கட்டி, பிளக்கை முன்பக்கம் கிரில்லுக்கு வெளியே நீட்டிவிட்டான். பிறகு பச்சையாய் ஒரு கூலன்ட்டை, பாதிக்குப் பாதி கேன் தண்ணீர் கலந்து ரேடியேட்டரில் ஊற்றினான். அரை மணி நேரம் கரண்ட் கொடுத்ததும் சவுரிராயன் பிளாக்கின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அட, என்றார். ஒரு சொட்டு ஒழுகல் இல்லை.

மறுநாள் காலை அன்பு பிரபாவதியை மட்டும் ஃபிரிட்ஜண்டை கூப்பிட்டான். ஃபிரீசரில், மத்தி மீன் கவருக்குப் பக்கத்தில் ராத்திரியே ஒரு டம்ளர் கூலன்ட் வைத்திருந்தான். எடுத்து ஆட்டிக் காட்டினான். தண்ணியாகவே ஆடியது. இதுவே வெறும் தண்ணியா இருந்தா அங்க ஐஸாகி உப்பும், பிளாக்கு பானை மாதிரி விரிஞ்சிடும் என்று விளக்கினான். டம்ளரைக் கழுவி பரண்மேல் தனியாக வைத்தான், பிள்ளை கைக்கு எட்டக் கூடாது, விஷம். அப்புறம் குரலைத் தாழ்த்தி, மாமாகிட்ட நீயே சொல்லிடு பிரபா, இதத் தொட வேணாம்னு, நான் சொன்னா சண்டையாவுது என்றான்.

அவள் சரி என்றாள். அன்றைக்குச் சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை கிளம்புவதாக முடிவாயிற்று. சனிக்கிழமை அன்பு ஸ்பேர் டயர் வாங்க விழுப்புரம் போயிருந்தான். சவுரிராயன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காருக்கு அடியில் குனிந்தார். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. வேளாங்கண்ணி சவாரி வந்தால், முதல் நாளே ரேடியேட்டரைக் காலி பண்ணிப் புதுத்தண்ணி ஊற்றி, பானெட்டில் சிலுவை போட்டுவிட்டுத்தான் கிளம்புவார். பழைய தண்ணியோடு தூரதேசம் போகக் கூடாது. வழியில் ஒருமுறைகூட வண்டி நின்றதில்லை.

அடியில் பச்சையாய் ஒழுகத் தொடங்கியபோது பிரபாவதி துவைக்கிற கல்லண்டை நின்றுகொண்டிருந்தாள். வாளி கையில் இருந்தது.

“அவரு ஊத்துனதுப்பா அது” என்றாள்.

“கலர் தண்ணிதானம்மா. உள்ள இருந்த துருவெல்லாம் அதுல கலந்து கெடக்குது. பேத்திய அத்தினி தூரம் கூட்டிக்கினு போவுற வண்டி. பைப்ப ரேடியேட்டர்ல வுட்டுட்டேன், நீ அங்க கல்லாண்ட கொழாய தொற.”

ஒரே ஒரு வாக்கியம் போதும். அது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதற்குள் உள்ளேயிருந்து இசைவாணி எதற்கோ சிரிக்கிற சத்தம் கேட்டது. இங்கே வந்த ஆறு மாதமாக நன்றாகச் சிரிக்கிறாள். பிரபாவதி கை நீட்டிக் குழாயைத் திறந்தாள்.

பச்சை வெளுத்து, தெளிந்து, வெறும் தண்ணீராய் ஓடுகிற வரைக்கும் அப்பா பார்த்துக்கொண்டு நின்றார். ரேடியேட்டரின் அடியில் இருந்த திருகை மூடினார். மேலே இருக்கிற பிளாஸ்டிக் டப்பாவை அவர் தொடவில்லை, அதில் பச்சை அப்படியே நின்றது, மேலோட்டமாகப் பார்த்தால் எதுவும் மாறினதாகத் தெரியாது. பானெட்டில் சிலுவை போட்டார். அவர் உள்ளே போனதும் பிரபாவதி ஒரு கூடை மணலை அள்ளி வந்து, சாக்கடை ஓரம் தேங்கியிருந்த பச்சைமேல் கொட்டினாள். பிள்ளைக்கும் கோழிக்கும் ஆகாதே என்றுதான் கொட்டினாள். அப்படித்தான் தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

இனி அந்த வண்டி அங்கே போய் நிற்கும். முதல் குளிரில் பிளாக்கு விரியும். அந்த மட்டில் அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அதன் பிறகுதான், அது எந்தக் காலை, அன்றைக்கு மடியில் யார் கிடப்பாள் என்ற நினைப்பு வந்தது. ராத்திரி சோற்றைப் பிசைந்து பிசைந்து அப்படியே வைத்தாள். சொல்லிடலாமா என்று புருசன் முகத்தைப் பார்த்தாள். அவன் டயர் கடைக்காரனை நக்கலடித்து அப்பாவைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான். மாமனாரும் மருமகனும் ஒன்றாய்ச் சிரித்து அந்த வாரத்தில் அதுதான் முதல் தடவை.

ஞாயிறு பூசைக்குப் போய்வந்து மூட்டை கட்டினார்கள். இருட்டின பிறகு அன்பு ஒரு டம்ளரோடு காருக்கு அடியில் போனான். கடைசியா ஒருவாட்டி பாத்துடலாம் என்று ரேடியேட்டரின் அடியிலிருந்து, இருட்டில் நிறம் பார்க்காமலே பிடித்து வந்து ஃபிரீசரில் வைத்தான். ஃபிரிட்ஜ் கதவு சாத்துகிற சத்தம் பிரபாவதிக்கு அடுப்படியில் கேட்டது. அப்போதும் நேரம் இருந்தது. படுக்கப் போகும்போதும் இருந்தது.

காலையில் அவன் டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்தபடி வாசலுக்கு வந்தான். ஒன்றும் விழவில்லை.

சவுரிராயன் சந்தோஷமாகத்தான் சொன்னார்: வேளாங்கண்ணிக்கு மாத்துறாப்பல சனிக்கிழமையே புதுத்தண்ணி மாத்திட்டேன் மாப்ள, ஏன், என்னா ஆச்சி? அன்பு சத்தம் போடவில்லை. இது தண்ணி இல்ல மாமா, மருந்து மாதிரி, இது இல்லன்னா அந்தக் குளிர்ல எஞ்சினே விரிஞ்சிபூடும் என்று மட்டும் சொன்னான். கிழவரின் முகம் செத்துப்போயிற்று. எங்கிட்ட யாரும் சொல்லலியே மாப்ள, என்றார்.

அன்பு திரும்பி மனைவியைப் பார்த்தான். பிறகு சாக்கடை ஓரம் போய்க் குந்தி, புதுசாய்க் கிடந்த மணலை விரலால் கிளறினான். விரல் நுனியில் பச்சை ஒட்டியது. குந்தியபடியே காரைப் பார்த்தான், துவைக்கிற கல்லைப் பார்த்தான், நடுவில் இருந்த தூரத்தைப் பார்த்தான். இசைவாணி புதுச் செருப்போடு வந்து அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“மாமா பைப்பப் புடிச்சிக்கினு வண்டியாண்ட நின்னுருப்பாரு” என்றான். “கொழா இங்க கல்லாண்ட இருக்குது. தொறந்தது யாரு, பிரபா?”