வேளாங்கண்ணி கேட்டுச் சொல்லட்டும்

திருச்சியிலிருந்து வந்த வேனில் இரண்டே பெட்டிகள்தான். ஆனால் ஒவ்வொன்றையும் இறக்க இரண்டு பேர் முக்க வேண்டியிருந்தது. எதிர்வீட்டுக் கண்ணுசாமி துண்டை உதறிக்கொண்டு வந்து நின்றார்.

"என்னண்ணே, மைக்செட்டா?"

"ஆம்ப்ளிஃபயர்" என்றார் சந்தனராஜ்.

"அதத்தான நானும் கேட்டேன்."

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு சந்தனராஜ் உள்ளே போனார். பாவம், கண்ணுசாமி மேல் தப்பில்லை. ஆவூரில் ஆம்ப்ளிஃபயர் என்றால் மாதா கோயில் தேருக்குக் கட்டுகிற மைக்செட்தான். ஒருத்தர் தன் வீட்டு ஹாலில், தான் ஒருத்தர் மட்டும் உட்கார்ந்து கேட்க இத்தனை கனத்தில் வாங்குவார் என்று யார் நினைப்பார்கள்?

சந்தனராஜ் மஸ்கட்டுக்கு ஏசி மெக்கானிக்காகப் போனவர். ஒருநாள் ஒரு பெரிய அதிகாரியின் பங்களாவுக்கு ரிப்பேருக்குப் போனபோது அங்கே ஒரு ஸ்டீரியோ பாடிக்கொண்டிருந்தது. பாடுகிற ஆள் நடு ஹாலில் நிற்பது போலிருந்ததாம். ஏணியிலிருந்து இறங்க மறந்து நின்றார். ஊருக்குத் திரும்பினால் இப்படி ஒன்று வாங்கிவைத்து, மனைவி வேளாங்கண்ணியைப் பக்கத்தில் உட்கார்த்திக் கேட்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்.

திரும்பி வந்தார். வந்த கொஞ்ச நாளில் மெல்போர்னில் இருக்கும் மகன் ஜெஸ்வினுக்குக் குழந்தை பிறந்தது. மருமகள் மெர்லினுக்கு ஒத்தாசையாக வேளாங்கண்ணி விமானம் ஏறினாள். புருஷன் இறங்க, பெண்டாட்டி ஏற, கணக்கு சரியாகப் போயிற்று. ஆறு மாதம் என்று போனவள் வருஷம் கழிந்தும் வரவில்லை. ஈஸ்டர் முடிந்து வரும் தேருக்குக் கட்டாயம் வந்துவிடுவேன் என்றிருந்தாள். அந்த நம்பிக்கையில்தான் ஹாலில் இரண்டு நாற்காலி போட்டிருந்தார்.

ஸ்பீக்கர்கள் முன்பே வந்தாயிற்று. மிச்சம் ஆம்ப்ளிஃபயர்தான். மாதக்கணக்கில் இன்டர்நெட்டில் மேய்ந்து, மராண்ட்ஸ், லக்ஸ்மேன் என்று ஒவ்வொரு கம்பெனியாகக் கழித்து, கடைசியில் இரண்டில் வந்து நின்றார். ஒன்று அமெரிக்க மெக்கின்டாஷ். இன்னொன்று ஜப்பான் அக்யூஃபேஸ். கடைக்காரர் அன்புமொழி இரண்டையும் கொண்டுவந்து மாட்டிக்கொடுத்தார்.

"திங்கக்கெழம வாரேன் சார். நல்லாக் கேட்டுப் பாருங்க. எது வேணாமோ அத எடுத்துக்கிறேன்."

மெக்கின்டாஷ் கறுப்புக் கண்ணாடி முகம், அதில் நீல வெளிச்சத்தில் ஆடும் இரண்டு முள். அதில் பாட்டு, கல்யாண வீட்டு வரவேற்பு மாதிரி வாய் நிறைய வந்தது. அக்யூஃபேஸ் மங்கலான தங்க நிறம். அது அளந்து பேசுகிற ஆள். வயலின்காரர் வில்லைத் திருப்புகிற இடம்கூடத் தனியாகத் தெரிந்தது. சந்தனராஜ் இதைப் போட்டார், அதைப் போட்டார், ஒயரை மாற்றி மறுபடி இதைப் போட்டார். சோறு வடிக்க மறந்து போனார். காலையில் இது, மத்தியானம் அது என்று மனம் தாவியது.

உண்மையைச் சொன்னால் அவர் தேர்ந்தெடுப்பதாகவே இல்லை. இந்த வீட்டு ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், தரையில் போட்ட டைல்ஸ் நிறம் வரைக்கும் மஸ்கட்டிலிருந்தே அவர் முடிவு செய்தவை. அவளை ஒரு வார்த்தை கேட்டதில்லை. இந்த ஒன்றையாவது அவள் வாயால் சொல்லட்டும். தானே தேர்ந்தெடுத்த பொருளைப் பார்க்கவாவது வருவாள் அல்லவா? அறுபது தாண்டிய மனிதர், பெண்டாட்டி வருவதற்கு ஆம்ப்ளிஃபயரைத் தூண்டிலாகப் போட்டார். சிரிக்கலாம். அவருக்கு அவ்வளவு ஏக்கமாக இருந்தது.

போனை எடுத்துப் பார்த்தால் அவளே பலமுறை கூப்பிட்டிருந்தாள். பாட்டுச் சத்தத்தில் கேட்கவில்லை. உடனே திருப்பிக் கூப்பிட்டார்.

"எங்க போயிட்டீங்க? எத்தன தடவ அடிக்கிறேன்."

"இந்தா, பேசாம கேளு. ரெண்டு பொட்டி வந்துருக்கு. ரெண்டுலயும் ஒரே பாட்டுப் போடுறேன், ஒனக்குப் புடிச்ச பாட்டு. எது நல்லாருக்குன்னு நீதான் சொல்லணும்."

போனை ஸ்பீக்கருக்கு எதிரே நாற்காலியில் சாய்த்து வைத்தார். முதலில் மெக்கின்டாஷ். பிறகு ஒயரை மாற்றி அக்யூஃபேஸ். ஹால் முழுக்கப் பாட்டு நிறைந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு போனை எடுத்தார்.

"மொதல்லயா, ரெண்டாவதா?"

"போட்டீங்களா?"

"என்ன போட்டீங்களா? ரெண்டும் போட்டாச்சு."

"ஒண்ணுமே கேக்கலீங்க. நீங்க இருமுனது மட்டும் கேட்டுச்சு. நெஞ்சுச்சளி இருக்கு போல. சுடுதண்ணி குடிக்கிறீங்களா?"

சந்தனராஜ் போனையே பார்த்தார். மனுஷக் குரலைத் தவிர மற்றதையெல்லாம் இரைச்சல் என்று போன் அமுக்கிவிடும். உலகத்தின் ஸ்டீரியோ சமாசாரமெல்லாம் படித்தவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

"சரி விடு. தேருக்கு வாறப்ப நேர்ல கேட்டுச் சொல்லு" என்றார். "அதுவரைக்கும் ரெண்டையும் வச்சுக்கலாமான்னு கடக்காரர்கிட்டக் கேக்குறேன்."

அந்தப் பக்கம் குழந்தை ஏதோ மழலை பேசியது.

"அதுக்குத்தாங்க கூப்புட்டேன். விசாவ நீட்டிக் குடுத்துட்டாங்க. மெர்லின் வேலைக்குப் போவணும். பிள்ளையப் பாத்துக்க ஆள் வேணும்ல."

"எது வரைக்கும்?"

"அடுத்த தேருக்கு வரலாம்."

"இந்த வீட்டுல ஒத்தையில எப்புடி இருக்குறது, வேளாங்கண்ணி? சத்தமே இல்லாம பைத்தியம் புடிக்குது. அதான் நாள் பூரா பாட்டப் போடுறேன்."

அவள் கோபப்படவில்லை. ஒரு சமையல் பக்குவம் சொல்வது போலத்தான் சொன்னாள்.

"நானும் அந்த ஹால்ல ஒத்தையிலதான இருந்தேன். நீங்க வெள்ளிக்கெழமதான் போன் பண்ணுவீங்க, எப்பன்னு தெரியாது. அன்னைக்கு ரேடியோ போட மாட்டேன். மிக்ஸி போட மாட்டேன். ஃபேனக்கூட நிறுத்திருவேன். மணி அடிச்சு நான் கேக்காம விட்டுட்டா, அப்பறம் அடுத்த வாரந்தான?"

அந்த வெள்ளிக்கிழமைகளில் மஸ்கட் அறை நண்பர்களோடு சீட்டாடிவிட்டு, தோன்றும்போது போன் செய்த மனிதர் சந்தனராஜ். ஒரு நாள்கூட, அந்தப் பக்கம் ஒருத்தி ஃபேனை நிறுத்திவிட்டு வேர்வையில் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்ததில்லை.

"வைக்கட்டுமாங்க? பிள்ளை அழுகுது."

"மறுபடி எப்பக் கூப்புடுவ?"

"நேரம் கெடைக்கிறப்ப" என்றாள் வேளாங்கண்ணி.

திங்கட்கிழமை அன்புமொழி வந்தார். ஹாலுக்குள் நுழைந்தவர், இரண்டு ஆம்ப்ளிஃபயரும் அணைந்து கிடப்பதைப் பார்த்தார். ஃபேனும் ஓடவில்லை. சந்தனராஜ் மடியில் போனை வைத்துக்கொண்டு, சட்டை முதுகோடு ஒட்ட உட்கார்ந்திருந்தார்.

"என்ன சார், கரண்ட் இல்லையா?"

"இருக்கு."

"கேட்டீங்களா? எது சார் ஒங்களுக்குப் புடிச்சுச்சு?"

"ரெண்டையும் எடுத்துட்டுப் போயிருங்க தம்பி" என்றார் சந்தனராஜ். "கொஞ்சம் சத்தம் போடாமத் தூக்குங்க. வீட்டுல கூப்புடுற நேரம்."