இரண்டின்மேல் வைத்த பொட்டு

2006ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 20ஆம் நாள், காங்கயம் சாலையில் நேர்ந்த விபத்தைப் பற்றிய அறிக்கையில், ஓட்டுநர் சிவராஜ் மிகை வேகத்தால் ஓர் உயிரைப் போக்கினான் என்று எழுதினார்கள். அது பொய். அவன் வேகமாகச் செல்லவில்லை. வேகமாகச் சென்றே தீர வேண்டிய ஓரிடத்தில் அவன் செல்ல விடப்படவில்லை.

திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் செங்கோட்டையனுக்குக் கார் ஓட்டியவன் சிவராஜ். அவன் மனைவி சித்ரகலா அதே கம்பெனியில் தையல் மெஷினில் இருந்தாள். காணி நிலம் கிடையாது. படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுபோனது. தனக்கு இன்ன தொழில் என்று அவன் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லிக்கொள்ள, சட்டைப் பையில் கிடந்த ஓட்டுநர் உரிமம் ஒன்றுதான் இருந்தது.

முதலாளி கெட்டவர் அல்லர். கம்பெனி தொடங்கும் முன்னர் அவர் ரேக்ளா மாட்டுவண்டிப் பந்தயத்தில் பேர்போன ஆள். ஒரு பந்தயத்தில் வாலைக் கடித்து விரட்டியதில், அவருடைய செவலைக் காளை எல்லைக்கோட்டை முதலாவதாகத் தாண்டி, அங்கேயே வாயில் நுரை தள்ளிச் சாய்ந்தது, பிறகு எழவில்லை. தம் நுகத்தில் பூட்டிய எதையும் இனி அலற விடுவதில்லை என்று அன்று அவர் மனத்துள் ஆணையிட்டுக்கொண்டார். காளைக்குப் பொருந்தும் விரதந்தான். அதை ஆடு மாடு, தறி, மோட்டார், கார் என எல்லாவற்றுக்கும் அவர் நீட்டிக்கொண்டு போனார்.

காருக்குள் முகப்பில், வேகங்காட்டும் முள்ளுக்குப் பக்கத்தில், இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை ஆயிரம் சுற்றுகிறது என்று காட்டும் ஊசி ஒன்று உண்டு. முதலாளியின் கண் எப்போதும் அதன்மேலேயே இருக்கும்.

"சிவராசு, ஊசி ரெண்டைத் தாண்டறதுக்குள்ள கியரை மாத்திப் போடோணும். வாயில்லாச் சீவன் அது."

"அது இன்ஜினுங்க, மொதலாளி."

"ஏன், இன்ஜினுக்கு மட்டும் வாய் இருக்குதாக்கும்?"

பின்னிருக்கையிலிருந்து அவர் மனைவி தெய்வாத்தாள் சிரிப்பார். "கண்ணு, அவரு சொல்றபடியே ஓட்டு. நம்மளத் தாண்டிப் போற மொபெட்டுக்காரங்களையெல்லாம் நானு எண்ணிக்கிட்டே வாறேன்."

கோடை விடுமுறைக்குக் கோயம்புத்தூர்க் கல்லூரியிலிருந்து மகன் நித்தீஷ் வந்திருந்தான், பொறியியல் மாணவன். வெள்ளகோவிலில் உறவினரை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, ஆளரவமற்ற நேர்ச்சாலை ஒன்றில் வண்டியை நிறுத்தச் சொன்னான்.

"சிவராஜண்ணா, இந்தத் தரைப்பாலத்துல இருந்து கெளம்பி, அந்தக் காத்தாடியத் தாண்டறப்ப எவ்வளவு வேகம் வருதுன்னு பாக்கலாம். மொதல்ல எங்கப்பன் சொல்றபடி மாத்துங்க."

சிவராஜ் அவ்வாறே மாற்றினான். காற்றாலையைத் தாண்டும்போது வண்டி கல்யாண ஊர்வலம்போல் அசைந்து போனது. அடுத்து, சிவப்புக் கோடு தொடும்வரை ஒவ்வொரு கியரையும் பிடிக்கச் சொன்னான் நித்தீஷ். இன்ஜின் ஊளையிட்டது, வேகம் கூடியது. மூன்றாம் முறை, ஊசி நான்கைத் தொடச் சற்று முன்னரே மாற்றச் சொன்னான். ஊளை குறைந்தது. ஆனால் காற்றாலையைத் தாண்டும்போது, முந்தைய இரு முறையைக் காட்டிலும் வேகமுள் மேலே நின்றது.

"இதென்னுங்க தம்பி மாயம்? சத்தம் கம்மி, வேகம் சாஸ்தி?"

"ரெண்டுக்குக் கீழ இந்த இன்ஜினு தூங்குதுங்ணா. ரெண்டுல மாத்தினா, அடுத்த கியர்ல ஊசி ஒன்றரைக்குக் கீழ வுழுந்துரும், இழுக்காது. நாலுக்கு மேல போனா வெறுங் கத்தல்தான். நாலுக்குக் கொஞ்சம் முந்தி மாத்தினா, அடுத்த கியரு ரெண்டரைக்கு மேல வந்து நிக்கும். பலமெல்லாம் அங்கதான் இருக்குது. தெனமும் வேண்டாம். லாரியை முந்தறப்ப மட்டும் மறந்துறாதீங்க. எதிர்ப் பக்கத்துல ஏறிட்டு நடுவுல கியரை மாத்தினீங்கன்னா, போச்சு."

நித்தீஷ் கல்லூரிக்குத் திரும்பினான். சிவராஜ் முந்தும் வேளைகளில் மட்டும் அவன் சொன்னபடி செய்யலானான். அலறலைக் கேட்ட முதலாளி பொறுப்பாரா? அந்த ஆண்டு ஆயுத பூசை வந்தது. கம்பெனியில் தையல் மெஷின் முதல் கத்தரிக்கோல் வரை சந்தனமும் குங்குமமும் இட்டுக்கொண்டு வந்த தெய்வாத்தாளைக் காருக்குள் உட்காரச் சொன்னார் முதலாளி.

"அந்த ரெண்டுக்கு மேல ஒரு பொட்டு வெய்யி. இந்தப் பயலுக்கு நம்ம பேச்சு ஏறாது. சாமி பொட்டைத் தாண்டறானான்னு பாக்கறேன்."

"ஏனுங்க, கண்ணாடியில போயிப் பொட்டு வெக்கறதா?" என்று முனகிக்கொண்டே, மோதிர விரலால் குங்குமத்தைக் குழைத்து, கண்ணாடியில் இரண்டின்மேல் அழுத்தி வைத்தார் அந்த அம்மாள்.

நவம்பரில் ஒரு முகூர்த்த நாள். வெள்ளகோவிலில் கல்யாணம். முதலாளி முன்னால், சிவராஜுக்குப் பக்கத்தில். தெய்வாத்தாள் பின்னால், சிவராஜின் முதுகுக்கு நேரே. புறப்படவே நேரமாகிவிட்டது.

"செவலை இருந்திருந்தா, இந்நேரம் தாலி கட்டறதுக்கு முன்னாடியே போயிச் சேந்திருப்போம்" என்றார் தெய்வாத்தாள்.

"ஆமா, போயிருப்போம். போயி நாமளும் வுழுந்திருப்போம்" என்றார் முதலாளி. இருவரும் சிரித்தார்கள். அவர்கள் சேர்ந்து சிரித்தது அதுவே கடைசி.

காங்கயத்தைத் தாண்டியதும் கொப்பரை ஏற்றிய லாரி ஒன்று முன்னால் ஊர்ந்தது. எதிரே சாலை வெறுமையாகக் கிடந்தது. தொலைவில் ஒரு வளைவு. சிவராஜ் மூன்றாம் கியருக்கு இறக்கி, வலப்பக்கம் ஏறி, அழுத்தினான். ஊசி பொட்டைத் தாண்டியது, மூன்றைத் தொட்டது. வண்டி அம்புபோல் பாய்ந்து லாரியின் பாதி நீளத்தைக் கடந்தது. இன்னும் ஒரு நொடி அந்தக் கியரில் நின்றிருந்தால் லாரி பின்னே போயிருக்கும்.

"டேய், அலறுதுடா! நாலாங் கியரைப் போடு!"

சொன்னதோடு நில்லாமல், முதலாளியின் கை கியர்ப் பிடியின்மேல் இருந்த சிவராஜின் கைம்மேல் விழுந்தது. ஆணைக்குப் பணிந்து பழகிய ஓட்டுநரின் கை, மனம் தடுக்கும் முன்னரே, நாலைப் போட்டது. ஊசி பொட்டுக்குச் சரிந்தது. பாய்ந்த வண்டி சோர்ந்து, லாரியின் முகப்புக்கு நேராக ஒட்டிக்கொண்டு ஓடியது. வளைவிலிருந்து தனியார்ப் பேருந்து ஒன்று வந்தது. பின்வாங்கவும் இடமில்லை. லாரியின் மூக்குக்கு முன்னே கிடைத்த இடுக்கில் சிவராஜ் இடப்புறம் ஒடித்தான். முன்பாதி தப்பியது, பேருந்து பின்பாதியில், வலப்புறக் கதவில் இடித்தது.

தெய்வாத்தாள் மருத்துவமனை போய்ச் சேரவில்லை. சிவராஜின் கை முறிந்தது. முதலாளிக்கு ஒரு கீறலும் இல்லை.

விசாரணைக்குச் செல்லும் காலையில் சித்ரகலா, கட்டுப் போட்ட அவன் கைக்குமேல் சட்டையை மாட்டிவிட்டாள். "நீங்க சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டானுங்க. தப்பிக்கச் சொல்றான்னுதான் நெனப்பாங்க. அவரு வாயால வரோணும். கைய வெச்சது அவருதானுங்களே?"

"சொல்லுவாரு. பொய் பேசற மனுசன் இல்ல" என்றான் சிவராஜ். அவன் உறுதியாகவே நம்பினான்.

காவல் நிலைய முற்றத்தில் நசுங்கிய கார் நின்றது. வாகன ஆய்வாளர் உள்ளே குனிந்து பார்த்தார். மீட்டர்க் கண்ணாடி உடையாமல் இருந்தது.

"மீட்டர்ல என்னங்க இது, செவப்பா?"

சிவராஜ் முதலாளியைப் பார்த்தான். கோவையிலிருந்து வந்திருந்த நித்தீஷும் தந்தையைப் பார்த்தான். அந்தப் பொட்டு எதற்கென்று அவனுக்குத் தெரியும். தீபாவளிக்கு வந்தபோது அதற்காகத் தந்தையோடு சண்டையே போட்டிருந்தான்.

செங்கோட்டையன் குனிந்து அந்தப் பொட்டைப் பார்த்தார்.

"அது அவ வெச்ச பொட்டுங்க" என்றார். "ஆயுத பூசைக்கு."

சொன்னது முழுதும் உண்மை. ஆய்வாளர் தலைகுனிந்து விலகிக்கொண்டார். மனைவியைப் பறிகொடுத்தவரிடம் அதற்குமேல் எவர் என்ன கேட்பார்? "முந்தறப்ப ரொம்ப வேகமோ?" என்று மட்டும் மெல்லக் கேட்டார். முதலாளி ஆமென்று தலையசைத்தார்.

"மொதலாளி, நீங்க சொல்லித்தானுங்களே நாலு..." என்று சிவராஜ் தொடங்கினான். அருகில் நின்ற காவலர், "செத்தவங்க புருசன்கிட்டயே பேச்சப் பாரு" என்று அவனைத் தள்ளிவிட்டார்.

வெளியே, புளியமரத்தடியில், நித்தீஷ் அவன் பின்னாலேயே வந்து நின்றான்.

"அண்ணா, அப்பன் அதச் சொல்லிட்டாருன்னா, அம்மாவ அவரே கொன்னதா ஆயிருமுங்ணா. அத அவரு தாங்க மாட்டாரு."

"நானு தாங்கோணுமுங்களா, தம்பி?"

நித்தீஷ் திரும்பித் தந்தையிடம் போனான். படித்த வாய், சுழற்சியும் இழுவையும் விளக்கத் தெரிந்த வாய், அந்தப் பொட்டை ஆய்வாளருக்கு விளக்கவில்லை.

உரிமம் பறிபோயிற்று, வழக்கு நடக்கிறது. இன்று சிவராஜ் பல்லடத்தில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் நூல் மூட்டை சுமக்கிறான். கூடத்தின் முன் லாரி வந்து நிற்கும்போது, ஓட்டுநர் பக்கத்துக் கதவை மட்டும் அவன் ஏறிட்டும் பார்ப்பதில்லை. செங்கோட்டையன் புதுக்கார் வாங்கவில்லை. பேருந்தில் போய் வருகிறார். ஊரார் அதைத் துக்கம் என்கிறார்கள்.

இதைப் படிக்கும் நீங்கள் ஓட்டுநரின் பக்கத்து இருக்கையில் அமர்கிறவரானால், உங்கள் வாயிலிருந்து பிறந்த ஆணையை, கேட்கப்படும் இடத்தில் உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். அதற்குத் துணிவு இல்லையெனில், அவன் கைம்மேல் உங்கள் கையை வைக்காதீர்கள்.